ரெய்டு 10 இருந்தால் பேக்கப் வேண்டாமா?

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூன்று வருஷமாக ஆன்லைனில் விளக்கு விற்கிறோம். ஹோஸ்டிங் கம்பெனியில் பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். ஆனால் அவர்களே, 'எங்கள் சர்வரில் ரெய்டு 10 இருக்கிறது, டிஸ்க் போனாலும் உங்கள் டேட்டா போகாது' என்றும் சொல்கிறார்கள். ரெய்டு என்றால் என்ன? அது இருக்கும்போது பேக்கப்புக்கு எதற்குப் பணம்?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நீங்களே பேக்கப் எடுங்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. டிஸ்க் போனால் டேட்டா போகாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் டேட்டா போவதற்கு டிஸ்க் கெட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்று கெட்டாலும் மற்றவை தாங்கும்படி வைப்பதைத்தான் பொதுவாக ரெய்டு என்கிறோம். ஒரு டிஸ்க் செத்த ராத்திரியிலும் உங்கள் கடை திறந்தே இருக்கும். ரெய்டு செய்யும் வேலை அவ்வளவுதான். நேற்று அழிந்த ஆர்டரை இன்றைக்கு அதனிடம் கேட்டால் கிடைக்காது. இதை நன்றாகப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க் தேய்கிற சாமான். சர்வர் டிஸ்க்குகளில் பல நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றுகின்றன, வருஷம் முழுக்க, நிற்காமல். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அதன்படி வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் டிஸ்க்குகள் சாகின்றன. வீட்டில் ஒரே ஒரு டிஸ்க் வைத்திருப்பவருக்கு அது சின்ன எண். ஆயிரம் டிஸ்க் வைத்திருக்கும் ஹோஸ்டிங்காரருக்கு மாதம் ஒன்று போகும் என்று பொருள். அவருக்கு அது விபத்து இல்லை, மாதாந்திர வேலை. ஒவ்வொரு தடவையும் நூறு வாடிக்கையாளரின் சைட் படுத்துவிட்டால் அவர் தொழில் செய்ய முடியாது. ரெய்டு பிறந்ததே இந்தச் சிக்கலுக்காகத்தான்.

1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கம்ப்யூட்டர்களுக்கு என்றே செய்த விலை உயர்ந்த ஒற்றை டிஸ்க்குக்குப் பதிலாக, விலை குறைந்த சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் வேகமும் கிடைக்கும், செலவும் குறையும் என்றார்கள். ஆனால் டிஸ்க் கூடக் கூட, ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும். அதனால் ஒன்று கெட்டாலும் தாங்கும்படி உபரியாகக் கொஞ்சம் எழுதி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அந்த உபரியை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் ரெய்டு 1, 5, 6, 10 என்ற எண்களெல்லாம் வேறுபடுகின்றன.

உபரியே இல்லாததுதான் ரெய்டு 0. ஒரு ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி எல்லா டிஸ்க்கிலும் பரப்பி வைக்கும். உங்கள் பட்டறையில் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, மரை போட்டுச் சேர்க்கிறீர்கள் அல்லவா? நான்கு பாகத்தையும் நான்கு பேர் ஒரே நேரத்தில் செய்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தண்டு தொலைந்தால் மற்ற மூன்றை வைத்துக்கொண்டு விளக்கை நிறுத்த முடியாது. ரெய்டு 0 இப்படித்தான்: வேகம் உண்டு, பாதுகாப்பு துளியும் இல்லை. இதில் வைக்கும் சைட்டை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெய்டு 1 ரொம்ப எளிது. இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே எழுத்து. ஒன்று போனால் மற்றொன்று. வாங்கிய இடத்தில் பாதிதான் பயன்படும்.

ரெய்டு 5தான் அழகான யோசனை. சின்ன வயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி "ஒத்தையா ரெட்டையா" விளையாடியிருப்பீர்கள். அந்தக் கணக்கேதான். கம்ப்யூட்டரில் எல்லாமே 1, 0 தானே. மூன்று டிஸ்க்கில் ஒரே இடத்தில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

முதல் டிஸ்க்: 1 0 1 1
இரண்டாவது: 0 1 1 0
மூன்றாவது: 1 1 0 0

ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணுங்கள். இரட்டையாக இருந்தால் 0, ஒற்றையாக இருந்தால் 1. முதல் வரிசையில் இரண்டு 1, ஆகவே 0. அடுத்ததிலும் இரண்டு, 0. மூன்றாவதிலும் இரண்டு, 0. கடைசியில் ஒன்றுதான், ஆகவே 1. கிடைத்த 0 0 0 1 நான்காவது டிஸ்க்குக்குப் போகிறது. இதற்குப் பாரிட்டி என்று பெயர்.

இப்போது இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது. மிச்சம் இருக்கும் மூன்று வரியை எடுத்து அதே ஒத்தை ரெட்டை போடுங்கள். 1, 1, 0: இரட்டை, 0. அடுத்து 0, 1, 0: ஒற்றை, 1. அடுத்து 1, 0, 0: ஒற்றை, 1. கடைசியில் 1, 0, 1: இரட்டை, 0. சேர்த்துப் படித்தால் 0 1 1 0. செத்த டிஸ்க்கில் இருந்தது அப்படியே வந்துவிட்டது! முதல் தடவை இதைப் பேப்பரில் போட்டுப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பேப்பரும் பென்சிலும்தான் கொடுக்கிறேன். நிஜத்தில் பாரிட்டியை ஒரே டிஸ்க்கில் குவிக்காமல் எல்லா டிஸ்க்கிலும் மாற்றி மாற்றிப் பரப்புவார்கள், அவ்வளவே வித்தியாசம். நாலு டெராபைட் டிஸ்க் நான்கு போட்டால் பன்னிரண்டு டெராபைட் கையில் கிடைக்கும். ரெய்டு 6 என்றால் இரண்டு விதமான பாரிட்டி, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், கிடைப்பது எட்டு.

அப்படியிருந்தும் உங்கள் ஹோஸ்டிங்காரர் ரெய்டு 10 போட்டிருக்கிறார். இது ஜோடி ஜோடியாக நகல் வைத்து, அந்த ஜோடிகளின் மேல் துண்டுகளைப் பரப்புவது. நான்கு டிஸ்க்கில் பாதி இடம் போய்விடும். இருந்தும் ஏன் இது? ஆன்லைன் கடையில் நடப்பதெல்லாம் சின்னச் சின்னதாக எழுதும் வேலை. ஓர் ஆர்டர், ஒரு கையிருப்பு மாற்றம், ஒரு லாகின். ரெய்டு 5இல் ஒரு சின்ன இடத்தை மாற்ற, பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புது டேட்டாவை எழுது, புது பாரிட்டியை எழுது என்று நான்கு வேலை. ரெய்டு 10இல் இரண்டு இடத்தில் எழுதினால் முடிந்தது. டேட்டாபேஸ் ஓடும் சர்வருக்கு இதுவே சரி என்பது என் கருத்தும். அந்த விஷயத்தில் அவர்கள் நல்ல தேர்வுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று: நான்கு டிஸ்க் ரெய்டு 10இல் ஒன்று போன பிறகு இன்னொன்றும் போனால், மிச்சம் இருக்கும் மூன்றில் ஒன்று செத்ததன் ஜோடி. அதுவாக இருந்துவிட்டால் எல்லாம் போச்சு.

எல்லோரும் டிஸ்க் சாகும் நிமிஷத்தைத்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நிஜமான ஆபத்து அதற்கு அடுத்த ஒரு நாள், இரண்டு நாள். புது டிஸ்க் செருகியதும் ரீபில்டு, அதாவது செத்த டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் திரும்ப எழுதும் வேலை, ஆரம்பிக்கும். எட்டு டெராபைட் டிஸ்க்கை, நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவெளி விடாமல் எழுதினாலே பதினோரு மணி நேரம் ஆகும். சைட்களும் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு நாளைத் தாண்டும். அவ்வளவு நேரமும் மிச்ச டிஸ்க்குகள் மூச்சு விடாமல் உழைக்கின்றன. ரெய்டு 5ஆக இருந்தால் எல்லா டிஸ்க்கையும் ஓரம் முதல் ஓரம் வரை படிக்க வேண்டும், அதில் ஓரிடம் படிக்க வராவிட்டாலும் தலைவலி. வீட்டு உபயோக டிஸ்க்குகளின் விவரத் தாளில், சுமார் பன்னிரண்டரை டெராபைட் படித்தால் ஓரிடம் படிக்க முடியாமல் போகலாம் என்ற அளவில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலான டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் எட்டு டெராபைட் டிஸ்க் நான்கு போட்ட ரெய்டு 5 ரீபில்டுக்கு இருபத்து நான்கு டெராபைட் படிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு 5 வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாள் கணக்கில் வெள்ளம் இழுத்தபின், கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் அடுத்தடுத்து அடித்துக்கொண்டு போயின. ஒரே காலத்தில் கட்டியது, ஒரே தண்ணீர் மோதியது. ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பது திடமாக நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டிஸ்க்குகளும் இப்படித்தான். ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில் வந்து, ஒரே சூட்டில் ஒரே சுமையில் ஓடுகின்றன. ஒன்றுக்கு வயதாகிவிட்டது என்றால் எல்லாவற்றுக்கும் அதே வயது. சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி டிஸ்க்குகள் வந்த பிறகு இது இன்னும் கூடுதல், ஏனென்றால் எழுத எழுத அவை தேயும், ஜோடியில் இரண்டுக்கும் அந்தத் தேய்மானம் ஒரே அளவுதான். 2019 நவம்பரில் சர்வர்கள் விற்கும் எச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது: சில எஸ்எஸ்டி மாடல்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரத்தில், உள்ளே இருக்கும் மென்பொருள் பிழையால் செத்துவிடும், டேட்டாவை மீட்கவும் முடியாது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று. ஒரே நாளில் பொருத்தி, ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போட்ட எட்டு டிஸ்க் என்றால் எட்டும் ஒரே நேரத்தில் போகும். எந்த ரெய்டு தாங்கும்?

என் கையில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு, தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்திலிருந்து காலையிலேயே கூப்பிட்டார்கள், சர்வர் எழுந்திருக்கவில்லை என்று. நான்கு டிஸ்க், ரெய்டு 5. போய்ப் பார்த்தால் முன்பக்கத்தில் இரண்டு டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு. நடந்ததையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் லாகைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது டிஸ்க் செத்தது முந்தைய ராத்திரி. முதல் டிஸ்க் செத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரெய்டு தன் வேலையைச் சரியாகச் செய்து, அத்தனை நாளும் ஒரு சத்தமும் இல்லாமல் அலுவலகத்தை ஓட்டியிருக்கிறது. தினமும் எச்சரிக்கை மெயிலும் அனுப்பியிருக்கிறது, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு. மஞ்சள் விளக்கு எரிந்த அறையின் கதவைத் திறந்தவர்கள், அது எப்போதும் அப்படித்தான் எரியும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று நம்பிக்கையோடு சொன்னார்கள். அது அதே நான்கு டிஸ்க்கில் வேறொரு ஃபோல்டர். கடைசியில் கணக்குப் பிரிவில் ஓர் அம்மா மாதம் ஒருமுறை தன் திருப்திக்காகப் பென்டிரைவில் நகல் எடுத்து மேஜை டிராயரில் வைத்திருந்தார். மூன்று வாரம் பழையது. அதை ஏற்றிவிட்டு, மூன்று வாரத்து பில்களை அடிக்கட்டையிலிருந்து நான்கு பேர் உட்கார்ந்து திரும்ப டைப் அடித்தார்கள். அந்த அம்மாவுக்கு நான் அன்றைக்குக் கும்பிடு போட்டேன்.

சரி, டிஸ்க் எல்லாம் நன்றாக இருக்கிறது, ரெய்டும் நன்றாக இருக்கிறது. அப்போதும் என்ன போகலாம்? உங்கள் பட்டறைப் பையன் தவறுதலாக 'அன்னவிளக்கு' பிரிவையே அழித்துவிட்டான் என்றால், ஜோடி டிஸ்க் இரண்டிலும் அந்த நொடியே அழிந்துவிடும். கண்ணாடி முன் நின்று முகத்தில் மை பூசிக்கொண்டால் கண்ணாடியில் மட்டும் பூசாமல் இருக்குமா? பாஸ்வேர்டைத் திருடி ஒருவன் உள்ளே நுழைந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டால், பூட்டியதற்கும் ரெய்டு பத்திரமாக இரண்டு நகல் வைக்கும். பிளகின் (சைட்டில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) அப்டேட்டில் டேட்டாபேஸ் குழம்பினால் குழப்பத்துக்கும் நகல் உண்டு. ரெய்டுக்கு எது சரி, எது தவறு என்று தெரியாது. எழுது என்றால் எழுதும்.

பெரிய இடங்களிலும் இதுதான் கதை. 2017 ஜனவரி 31 அன்று புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில், களைத்துப்போயிருந்த ஒரு இன்ஜினியர் துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபைல்களை அழித்துவிட்டார். முன்னூறு ஜிபி அளவில் இருந்தது சில நொடிகளில் போனது. தினசரி பேக்கப்பைத் தேடினால் அது கொஞ்ச நாளாகவே ஓடவில்லை. ஓடவில்லை என்ற எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேரவில்லை, வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்த நகல் ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். இதையெல்லாம் அவர்களே ஒளிவுமறைவு இல்லாமல் வெளியே எழுதினார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து ஒரு கட்டிடம் முழுவதும் எரிந்தது. உள்ளே இருந்த ரெய்டுகள் எல்லாம் சாம்பல். பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டுமே போயின.

நம் பக்கத்துக்கு வாருங்கள். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, உள்பகுதிகளில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வெளியூர் டேட்டா சென்டரில் இருந்த சைட்கள் பாட்டுக்கு ஓடின. வீட்டு கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாம் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் இதற்கு நேர் எதிர், அங்கே டேட்டா சென்டரில் மட்டும் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். அதனால் ஒரு நகல் அங்கே, ஒரு நகல் இங்கே. மூன்றாவது நகல், இரண்டுக்கும் சம்பந்தமில்லாத வேறு ஊரில் இருந்தால் ரொம்ப நல்லது. அறுத்ததில் விதைநெல்லை நம் தாத்தாக்கள் சாப்பாட்டு நெல்லோடு ஒரே குதிரில் கொட்டி வைத்ததில்லை, தனியாகத்தான் கட்டி வைத்தார்கள்.

உங்கள் ஹோஸ்டிங்காரரிடம் சண்டை வேண்டாம், சில கேள்விகள் மட்டும் கேளுங்கள். டிஸ்க் போனால் யாருக்குத் தகவல் வரும், எத்தனை மணி நேரத்தில் மாற்றுவீர்கள்? தயாராகச் செருகி வைத்த உபரி டிஸ்க் உண்டா? இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் ரீபில்டு தானாக ஆரம்பித்துவிடும். டிஸ்க்குகளை மாதம் ஒருமுறையாவது முழுக்கப் படித்துச் சோதிக்கிறீர்களா? யாரும் திறக்காத பழைய ஃபைல் இருக்கும் இடம் சத்தமில்லாமல் கெட்டுக் கிடந்தால், ரீபில்டு சமயத்தில்தான் தெரியவரும். பிறகு முக்கியமானது: நீங்கள் பணம் கேட்கும் அந்தப் பேக்கப் எங்கே போய் உட்காருகிறது? "அதே சர்வரில்" என்று பதில் வந்தால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வேறு ஊரில், குறைந்தது பதினைந்து நாள் நகல்கள், நீங்களே எடுத்துத் திருப்பி ஏற்றிக்கொள்ளும் வசதி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பதினைந்து நாள் ஏன் என்றால், அழிந்தது அன்றைக்கே தெரியாது. கார்த்திகை தீபத்துக்குப் பட்டியலைத் திறக்கும்போதுதான் போன மாதம் காணாமல் போன பிரிவு கண்ணில் படும்.

அவர்கள் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, உங்கள் கையில் ஒன்று இருக்கட்டும். விளக்குப் படங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முன்பணம் கட்டிய வாடிக்கையாளர் பெயர், முகவரி, கேட்ட உயரம், எடை, இதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. போனால் அவர்களைத் தேடிப்பிடிக்க முடியாது. சைட்டை நிர்வகிக்க ஹோஸ்டிங்காரர் தரும் சிபேனல் இருந்தால் பேக்கப் பக்கத்தில் டேட்டாபேஸைத் தனியாக டவுன்லோடு செய்யலாம், உங்கள் அளவு கடைக்குச் சில எம்பிதான் வரும். தினமும் சாயங்காலம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை முழு சைட்டும் ஒன்று. ஒரு நகலைப் பட்டறைக்கு வெளியே, வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டிலோ தனி கிளவுட் கணக்கிலோ வையுங்கள். அந்தக் கிளவுட் பாஸ்வேர்டு சைட்டின் பாஸ்வேர்டாக இருக்கக் கூடாது.

எடுத்த முதல் நகலை அப்படியே மூடி வைத்துவிடாதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆர்டர் பட்டியலைத் திறந்து, கடைசி ஆர்டர் எண்ணும் உங்கள் பில் புத்தகத்தின் கடைசி எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால், நகல் எடுத்த நேரம், ஃபைலின் அளவு, வந்த பிழைச் செய்தி மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எங்கே தடுக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.